அண்டா மூடிக் கதை

பாளையங்கோட்டை
9 ஜூன் 2024

எஸ்றாவுக்கு,

மேலே ஸ்தோத்திரம் எழுதவில்லை. மறதி என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த வீட்டில் மறப்பதற்கு உன் அண்ணன் ஒருவர் போதும்.

உன் போன் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டேன். போனில் பேசினால் நீ எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய். நான் இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்துநாலு வருடம். செய்த தப்புக்கெல்லாம் நீ அப்படித்தான் தப்பித்திருக்கிறாய். சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் காகிதத்தில் எழுது.

போன வாரம் சாத்தான்குளத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தலும் நாற்காலியும் உன் வள்ளியூர்க் கடையிலிருந்து போனவை. கூடவே உன் வாயும் போயிருக்கிறது. உன் அண்ணன் ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குப் போய், பெண்ணின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் ஆறுதல் தருவாரு. எப்பம் எடுக்கிய?" என்று துக்கம் விசாரித்ததை அங்கே நடித்தே காட்டினாயாம். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம்.

ஒருத்தி சிரிக்கவில்லை. அவள் பெயர் சாரம்மாள். நம் ஸ்டெபியைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் அம்மா. அவர்களிடம் நாங்கள் "அவருக்கு அறுபத்தேழு வயசு, கொஞ்சம் மறதி" என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். முந்தாநாள் போன் செய்தாள். "டீச்சர், இது ரத்தத்துல வாரதா? நாளைக்கு எம்பேரப்பிள்ளைக்கு வந்துரக் கூடாதுல்லா?" என்றாள். பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இருபத்தேழு வயதில் ஸ்டெபி தானாக வாயைத் திறந்து "சரிம்மா" என்று சொன்ன முதல் இடம் இது. வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. உன்னோடு பேசுகிறாளா என்று எனக்குத் தெரியாது. பேசினால், அவளுக்கும் ஒரு கதை சொல்லு.

யூனிஸ்

வள்ளியூர்
14 ஜூன் 2024

மதினிக்கு,

நீங்கள் எழுதாமல் விட்டதையும் சேர்த்து ரெண்டு ஸ்தோத்திரம்.

கடிதம் எழுதி இருபது வருடம் ஆகிறது. தபாலாபீசில் போய் உறை கேட்டால், அங்கே இருக்கிற பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கேசா?" என்கிறது. ஆமாம் என்றேன். "செயிப்பியளா?" என்றது. எதிர்க்கட்சி கணக்கு டீச்சர் என்றேன். அதற்குமேல் அது ஒன்றும் கேட்கவில்லை.

நான் செய்தது தப்புதான் மதினி. நாலு பேர் வட்டமாக உட்கார்ந்துவிட்டால் நடுவில் எதையாவது கொண்டுபோய்ப் போடாமல் என்னால் இருக்க முடியாது. என் வழுக்கையைப் போட்டேன், என் பெண்டாட்டி வைத்த புளிக்குழம்பைப் போட்டேன். எல்லாம் தீர்ந்துபோய் அண்ணனைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பக்கத்து நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அத்தனை நாற்காலியையும் எண்ணிப் போட்டவன் நான்தான்.

ரத்தத்தில் வருகிற வியாதி என்றால் எனக்கும் அறிகுறி தெரிய வேண்டாமா? எனக்கு வயது ஐம்பத்துநாலு. 1986-இல் வள்ளியூரில் யார் யாரோடு ஓடிப்போனார்கள், எந்த பஸ்ஸில் போனார்கள் என்பது வரைக்கும் சொல்லுவேன். வேண்டுமானால் சாரம்மாள் வீட்டில் போய்ச் சொல்லிக் காட்டுகிறேன். அவர்கள் வீட்டு ஆள் ஒருவரும் அந்தப் பட்டியலில் உண்டு.

டாக்டர் என்னவெல்லாம் கேட்டார் மதினி? தலையில் அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று கேட்டாரா? சும்மாதான் கேட்கிறேன்.

எஸ்றா

பாளையங்கோட்டை
22 ஜூன் 2024

எஸ்றாவுக்கு,

நீ எதையும் சும்மா கேட்கிற ஆள் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

வண்ணார்பேட்டையில் சங்கரசுப்பிரமணியன் டாக்டரிடம்தான் போன வருடத்திலிருந்து காட்டுகிறோம். முதல் நாளே மூன்று விஷயம் கேட்டார். தலையில் அடி பட்டதா, தூக்கம் எப்படி, உடம்பில் எங்காவது ஆறாத வீக்கம் உண்டா. ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்து, "நெத்திக்குப் பின்னால பழைய வடு மாதிரி ஒண்ணு தெரியுது, கீழ விழுந்தாங்களா?" என்றார். இல்லை என்று சொன்னேன். கோயில் அசன விருந்தில் அண்டா மூடி கிழித்தது பின்மண்டையில். அது வெறும் கீறல். நீ ஊரெல்லாம் "எங்கண்ணனுக்கு அண்டா மூடி குடுத்த ஞானஸ்நானம்" என்று சொல்லித் திரிந்தது. அதைப் போய் டாக்டரிடம் சொல்லவா?

அடுத்த ரெண்டு கேள்விக்கும் என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

உன் அண்ணன் பத்திரிகை ஆபீசில் இருபத்துநாலு வருடம் ராத்திரி வேலை பார்த்தார். ப்ரூஃப் பார்த்துவிட்டு விடிந்தபின் வருவார். எட்டு மணிக்கு ஸ்டெபியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் பள்ளிக்கூடம் போவேன். பிள்ளை தூங்குகிற நேரம்தான் அவருக்குத் தூக்கம். பகல் வேலைக்கு மாற்றித் தருகிறோம் என்று ஆபீசில் ரெண்டு முறை சொன்னார்கள். பிள்ளையை யார் பார்ப்பது என்று வேண்டாம் என்றவள் நான். டாக்டர் சொன்னார்: "தூக்கத்துலதாம்மா மூளை அன்னன்னைக்குச் சேர்ந்த அழுக்கக் கழுவி வெளிய தள்ளும். வருசக்கணக்கா கழுவாமப் போட்டா என்ன ஆகும்?"

அப்புறம் ஈறு. பத்து வருடமாகத் தலையணையில் ரத்தக்கறை. கிராம்புத் தைலம் தடவினேன். லீவில் பல் டாக்டரிடம் போகலாம், லீவில் போகலாம் என்று எத்தனை லீவு போனதோ. "ஒரு எடத்துல வீக்கம் ஆறாமக் கெடந்தா மூளையில இருக்க காவல்கார அணுவும் முழிச்சுக்கிடும். காக்க வந்தது கடிக்க ஆரம்பிச்சிரும்" என்றார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆக, ரெண்டு கேள்விக்கு நான் குற்றவாளி. முதல் கேள்வியை நீ ஏன் கேட்டாய்?

யூனிஸ்

வள்ளியூர்
1 ஜூலை 2024

மதினிக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். நாலு முறை சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை.

அண்டா மூடி இல்லை மதினி. பந்தல் குழாய்.

2011 மே மாதம், ஏரலுக்குப் பக்கத்து ஊர் அசனம். ஊரே கோயில் வளாகத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற நாள், ரெண்டாயிரம் பேருக்குச் சோறும் ஆட்டுக்கறியும். அண்ணன் ராத்திரி வேலையை முடித்துவிட்டுக் கண் மூடாமல் பஸ் ஏறிப் பரிமாற வந்திருந்தார். பந்தல் என்னுடையது. மேல் குழாய்க்கு நாலு இரும்புக் கவ்வி வேண்டும். ரெண்டுதான் கையில் இருந்தது. மற்ற ரெண்டு மூலைக்கும் கயிற்றைக் கட்டினேன். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. குழாய் நேராக அண்ணன் பின்மண்டையில் இறங்கியது.

அண்ணன் சத்தமே போடவில்லை. பந்தியில் உட்காருகிறவர் மாதிரி உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். நானும் என் பந்தல்காரர் கொம்பையாவும் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கால் மணி நேரம் கண் திறக்கவில்லை. திறந்ததும் கேட்டது இதுதான்:

"ஏலே, சோறு வடிச்சாச்சா?"

"வடிச்சாச்சுண்ணே."

"அப்பம் பந்திய நிறுத்தாத. ரத்தத்தக் கண்டா ஒருத்தனும் கை நனைக்க மாட்டான்."

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். அசனத்தில் பந்தி நின்றதாக அந்த ஊரில் சரித்திரம் கிடையாது. எங்களால் நின்றதாக இருக்கக் கூடாது என்று நினைத்தோம். அண்ணன் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு சோற்று வாளியைத் தூக்கினார். மூன்று பந்தி பரிமாறினார். நடுவில் ரெண்டு முறை வாழை மூட்டுக்குப் போய் வாந்தி எடுத்தார். தலைப்பாகையைப் பார்த்து "புது மாப்பிள்ள, இங்கன கொஞ்சம் சோறு" என்று ஊரே கேலி பண்ணியது. ஆரம்பித்து வைத்தவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் ஏரலில் ஒரு கம்பவுண்டர் ஆறு தையல் போட்டுவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்துருங்க" என்றார். படம் எடுத்தால் எப்படி விழுந்தது என்று கேட்பார்கள். அதற்குமேல் எந்தக் கோயிலிலும் எனக்குப் பந்தல் தரமாட்டார்கள். வேண்டாம் என்றேன். அண்டா மூடி என்றதும் என் யோசனைதான். அதற்கப்புறம் ஒரு மாதம் அண்ணன் தலைவலி என்றாரே, ராத்திரி வேலையினால் என்று நீங்கள் மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்களே, அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சாரம்மாளிடம் இதைச் சொல்லுங்கள். ரத்தத்தில் வந்ததில்லை, கொழுந்தன் கட்டிய கயிற்றில் வந்தது என்று சொல்லுங்கள்.

எஸ்றா

பாளையங்கோட்டை
5 ஜூலை 2024

எஸ்றாவுக்கு,

கதை நன்றாக இருக்கிறது. சம்பந்தம் கெட்டது, உடனே சம்பந்தத்தைக் காப்பாற்ற ஒரு குழாய் வானத்திலிருந்து விழுந்துவிட்டது. பழியை நீயே ஏற்றுக்கொண்டதும் நான் உருகிப்போய் உன் எண்ணைத் திறந்துவிடுவேன் என்று பார்த்தாயா?

உன்னை நம்புவதற்கு எனக்கு ஒரு காரணம் சொல்லு. ஒன்றே ஒன்று.

யூனிஸ்

வள்ளியூர்
10 ஜூலை 2024

மதினிக்கு,

காரணம் ஒன்றும் தோன்றவில்லை. கொம்பையா ஏரலில்தான் இருக்கிறார், பாலத்துக்கு இந்தப் பக்கம், டீக்கடைக்குப் பின்வீடு. என் கடையை விட்டுப் போய் எட்டு வருடம். நான் அவருக்குச் சொல்லி வைக்கவில்லை.

எஸ்றா

பாளையங்கோட்டை
3 ஆகஸ்டு 2024

எஸ்றாவுக்கு,

ஏரலுக்குப் போனேன். கொம்பையாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெரியவருடைய வீட்டுக்காரி என்றதும் எழுந்து நின்றார். நான் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை. "அம்மா, பெரியவருக்கு ஏதும் ஆயிட்டா?" என்றார். பதிமூன்று வருடமாக அந்தக் கேள்வியை வாயிலேயே வைத்திருந்த மாதிரி இருந்தது.

"எனக்கு அன்னைக்கே சங்கடந்தாம்மா. கண்ணு மேல சொருகிட்டு. சின்னவரு பாத்திரக் கூடைக்குப் பின்னால போய் அழுதாரு. அழுதுட்டு வந்து என்னையப் பாத்து, 'வேய், வெளிய சொன்னீரு, நாம ரெண்டு பேரும் பிச்சதான் எடுக்கணும்'னாரு" என்றார்.

அழுதாய் என்பதை உன் கடிதத்தில் நீ எழுதவில்லை. அதனால்தான் நம்பினேன்.

அங்கிருந்து நேரே வண்ணார்பேட்டை. டாக்டர் கோபப்படவில்லை. "பின்னால அடி பட்டா மூளை முன்னால போய் இடிக்கும்மா. அந்த வடு அதுதான்" என்றார். அப்படியென்றால் அடிதானா காரணம் என்று கேட்டேன். "அடியும் உண்டு. தூக்கமும் உண்டு. வீக்கமும் உண்டு. வயசும் உண்டு. ஒண்ணு இன்னொண்ணுக்குக் கதவத் தொறந்து விட்டிருக்கும். இன்னதுதான்னு நான் கையக் காட்ட மாட்டேன்" என்றார். ரத்தத்தில் வருவதா என்றேன். இந்த வயதில் வருகிற மறதி நேராக அப்படி இறங்குவது அபூர்வமாம். அதற்காக அறவே இல்லை என்று எழுதித் தர மாட்டாராம்.

நான் கணக்கு டீச்சர். ஒரு விடை வராத கணக்கை யாரும் எனக்குத் தந்ததில்லை.

சாரம்மாளுக்கு இந்த "உண்டு, உண்டு" எல்லாம் போதாது. அவளுக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். நீ சாத்தான்குளத்துக்குப் போ. நீயே உன் வாயால் சொல்லு. சிரிக்காமல் சொல்லு.

அன்றைக்கு நீ அண்டா மூடி என்று நடித்துக் காட்டியபோது நானும் சிரித்தேன். அவர் தலையில் கட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

யூனிஸ்

வள்ளியூர்
12 ஆகஸ்டு 2024

மதினிக்கு,

போனேன். சொன்னேன்.

சாரம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, இது நெசமா? இல்ல இதுவும் உங்க கதையா?" என்றாள்.

"கதன்னா இந்நேரம் நீங்க சிரிச்சிருப்பிய" என்றேன்.

"நான் அன்னைக்கும் சிரிக்கலயே" என்றாள்.

எழுதிக் கொடுக்கச் சொன்னாள். என் பந்தல் குழாய் விழுந்ததால்தான் என் அண்ணனுக்கு இந்த நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் சொன்ன மற்ற "உண்டு"களை எல்லாம் விட்டுவிட்டேன். உங்களுடைய ரெண்டையும் சேர்த்துத்தான் விட்டேன். அந்தக் காகிதத்துக்கு ஒரு ஆள் போதும்.

அது இப்போது சாத்தான்குளம் முழுக்கச் சுற்றுகிறதாம். நேற்று பக்கத்து ஊர் அசனத்துக்குப் பேசி வைத்திருந்த பந்தலை வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏற்கெனவே போட்டிருக்கிற பந்தலுக்குக் கீழே நிற்கிறவர்களும் ஒரு கண்ணால் என்னோடு பேசிக்கொண்டு மறு கண்ணால் மேலே பார்க்கிறார்கள். வள்ளியூரில் இத்தனை பேர் அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை.

ஸ்டெபி போன் செய்தாள். "சித்தப்பா" என்றாள். வைத்துவிட்டாள்.

எஸ்றா

பாளையங்கோட்டை
30 ஆகஸ்டு 2024

எஸ்றாவுக்கு,

ஸ்தோத்திரம்.

அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். செப்டம்பர் பதினொன்று, புதன்கிழமை, காலை பத்தரை மணி, சாத்தான்குளத்தில் அவர்கள் கோயிலில். கார்டு அடித்தாகிவிட்டது. ஸ்டெபி சாப்பிடுகிறாள், பேசுகிறாள். நேற்று புடவைக் கடையில் என்னோடு சண்டைகூடப் போட்டாள். இதெல்லாம் உன்னால்தான். முதலில் கெட்டதும் உன்னால்தான்.

ஒரு நிபந்தனை. சாரம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னாள். "டீச்சர், தப்பா நெனச்சுக்கிடாதீக. பிள்ளையோட அப்பாவ வீட்டுலயே வச்சிருங்க. ஆயிரம் பேரு வருவாவ. கோயில்ல வச்சு யாரு கையையாவது பிடிச்சு எப்பம் எடுக்கியன்னு கேட்டுட்டாருன்னா, எம்மகன் வாழ்நாள் பூரா அதக் கேட்டுக்கிட்டுல்லா இருக்கணும்?"

அந்த வார்த்தை அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று உனக்குத் தெரியும்.

நான் சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை, சரி என்றேன். ஸ்டெபியிடம் அப்பாவுக்குக் கூட்டம் ஆகாது, டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கோயிலில் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக என் தம்பி வருகிறான்.

நீயும் கல்யாணத்துக்கு வர வேண்டாம். அன்றைக்கு நீ இங்கே வந்து அவரோடு இரு. அவருக்கு இப்போது தப்பாமல் அடையாளம் தெரிகிற ஆள் நீ ஒருவன்தான். ஆண்டவர் ஏன் உன்னை அதற்குத் தெரிந்தெடுத்தார் என்று நான் கேட்கப் போவதில்லை.

யூனிஸ்

பாளையங்கோட்டை
11 செப்டம்பர் 2024, மத்தியானம்

மதினிக்கு,

நீங்கள் வருவதற்குள் புறப்பட்டுவிடுவேன். பக்கத்து வீட்டுத் தேன்மொழி வந்து உட்காருகிறேன் என்றிருக்கிறாள். இதை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். நல்லதாக ஏதாவது எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வேன் புறப்பட்ட பிறகு அண்ணன் இட்லி சாப்பிட்டார். "எல்லாரும் எங்கலே?" என்றார். வெளியே போயிருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் நன்றாகவே போனது. என் வழுக்கையைத் தடவி, "முடிய எங்கல வச்ச?" என்று கேட்டுச் சிரித்தார்.

கல்யாணக் கார்டை ஒளித்து வைக்க உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. டி.வி. பக்கத்தில் ஒரு கட்டு கிடந்தது. எடுத்தார். பெயரை மறந்தாரே தவிர வாசிப்பதை மறக்கவில்லை. ப்ரூஃப் பார்க்கிறவர் மாதிரி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். "தேவசிகாமணி யூனிஸ் தம்பதியரின் மகள்" என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது எம்பேருல்லா?"

"ஆமாண்ணே."

"புதன்கிழம. பத்தரை மணி. ஏலே, இன்னைக்கி என்ன கிழம?"

நான் வியாழன் என்றேன். சுவரில் நாள்காட்டி தொங்குகிறது. அதையும் வாசித்தார். எழுந்து, "மணி பத்தாகுதுலே, வேட்டிய எடு, பிள்ள காத்துக்கிட்டு இருக்கும்" என்றார். நான் ஒரு கதை சொன்னேன். சிரித்தார், மறந்தார், உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்துக் கார்டை எடுத்தார். விரலை வைத்தார். இன்னொரு கதை சொன்னேன். மழையினால் தள்ளி வைத்துவிட்டார்கள் என்றேன், போதகர் ஐயருக்குக் காய்ச்சல் என்றேன். கார்டைப் பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. ஐந்தாவது முறை பீரோவைத் திறந்து அவரே வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

என்னிடம் இருந்த கதை எல்லாம் தீர்ந்துபோயிற்று மதினி. அண்ணனைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. ஒரு முறையாவது உண்மையைச் சொல்லிவிடலாம், எப்படியும் மறந்துவிடுவார் என்று நினைத்துச் சொன்னேன்.

"அண்ணே, உங்கள வர வேண்டாம்னுட்டாவ."

அப்படியே நின்றார். பிறகு பைய என் பக்கம் திரும்பி, "ஏன்? நான் என்னலே செஞ்சேன்?" என்றார்.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, செய்ததெல்லாம் நான் என்று சொன்னேன். குழாயைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன். கேட்டாரா என்று தெரியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் நினைத்த மாதிரிதான் ஆயிற்று. கால் மணி நேரத்தில் கல்யாணம் மறந்தது. கார்டு மடியில்தான் கிடந்தது, அதைத் தொடவில்லை. ஏன் வேட்டி கட்டியிருக்கிறோம் என்பதும் மறந்தது. அழுகை மட்டும் நிற்கவில்லை. இப்போது மணி ரெண்டு. இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

"ஏண்ணே அழுவுதிய?" என்று கேட்டேன்.

"தெரியலலே. என்னமோ சொல்லிட்டாவ."

"யாரு?"

மாற்றிப் போட்டிருந்த சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"வேண்டியவுக யாரோதான்" என்றார்.

எஸ்றா